அடிக்காத கோல்களுக்கு ஒரு பொன்னாடை

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நான் ஒரு விளையாட்டு வீரனைப் பாராட்டி மேடையில் பேசியிருக்கிறேன். அந்த விளையாட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த வீரனும் அதை ஆடியதில்லை. இரண்டாவது விஷயம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. முதலாவது விஷயம் பேசும்போதே தெரியும். இருந்தும் முக்கால் மணித்தியாலம் பேசினேன். கல்லூரி நூலகத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தை எடுத்து அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வாசித்திருந்தேன். மிச்சத்துக்கு எங்கள் பழைய போர்ப்பாட்டுகளிலிருந்து யானைகளையும் தேர்களையும் இறக்கிக்கொண்டேன். கேட்டவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள். வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இது எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணில். நான் ஒரு கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் தெருவில் எங்கள் நிறத்தில் ஒருவரைக் கண்டால் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப்போய் எந்த ஊர் என்று கேட்போம். பாதிப்பேர் பஞ்சாபிகளாகவோ ஃபிஜிக்காரர்களாகவோ இருப்பார்கள். காரை நிறுத்திய பாவத்துக்கு அவர்களோடும் கொஞ்சநேரம் கதைத்துவிட்டுத்தான் வருவோம்.

எங்களுக்கென்று ஒரு சங்கமும் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது நிர்வாகக் குழுவில் இருந்தபடியால், பொதுக்கூட்டம் என்று கூடினால் நிர்வாகக் குழு தன்னைத்தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்ளும். தலைவர் ரயில்வேயில் பொறியியலாளர். கொழும்பில் பெரிய பதவியில் இருந்தவர், இங்கே சின்னப் பதவியில் சேர்ந்திருந்தார். மீந்துபோன அதிகாரத்தை எல்லாம் சங்கத்தில் செலவழித்தார்.

விஷயம் தொடங்கியது ஆசிரியர் அறையில், தேநீர் நேரத்தில். மாணவர்கள் நடத்தும் வாரப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, இரசாயனம் படிப்பிக்கும் பெண்மணி என்னிடம் வந்தார். பிறந்த நாளிலிருந்தே ஒரு உதைபந்தாட்ட அணியின் ஆதரவாளர் அவர். அந்த ஊரில் சமயத்தைவிட அது உறுதியானது.

"இது உங்களுடைய ஆளா?" என்று விளையாட்டுப் பக்கத்தைக் காட்டினார்.

பார்த்தேன். கல்லூரி உதைபந்தாட்ட அணி வென்றிருந்தது. கோல்களில் பெரும்பகுதியை அடித்தவருடைய பெயர் சந்தேகத்துக்கிடமில்லாத தமிழ்ப் பெயர். முருகனுக்கு உள்ள பெயர்களில் நீளமான ஒன்று. அச்சில் இரண்டு எழுத்து விழுங்கப்பட்டும் மிச்சம் ஒரு வரியை நிரப்பியது. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அது அந்த வருடம் பட்டபாடு போதும்.

இந்த ஊர் உதைபந்தாட்டம் எங்கள் ஊரில் பார்க்கிற மாதிரியானது அல்ல. நீள்வட்ட மைதானம், முட்டை வடிவப் பந்து, இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். பந்தைக் கையால் பிடிக்கலாம், ஆளையும் பிடிக்கலாம். ஆடுபவர்கள் வீட்டு வாசல்நிலை அளவுக்கு இருப்பார்கள். அதில் ஒரு தமிழன் கோல் அடிக்கிறான் என்றால்? மாலை வீட்டுக்குப் போய் முதல் வேலையாகத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஐசே, எங்கட பெடியன்தானோ?"

"பேரைப் பார்த்தால் வேறை ஆராய் இருக்கேலும்?"

"எந்த ஊர்?"

"பத்திரிகையிலை ஊர் போடேல்லை."

"விசாரியும். ஊர் முக்கியம்."

விசாரித்தேன். அப்படி ஒரு மாணவன் இரண்டாம் வருடத்தில் இருந்தான், யாழ்ப்பாணத்துப் பெடியன், என்னுடைய வகுப்பில் இல்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் பத்திரிகையில் அதே பெயர், அதே மாதிரிக் கோல்கள். தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாராட்டு விழா ஒன்று வைக்காவிட்டால் சங்கம் எதற்கு என்று கேட்டார். பெடியன் தங்கியிருந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, வீட்டுக்கார அம்மாவிடம் நாளையும் நேரத்தையும் சொல்லி, ஆள் ஆயத்தமாக நிற்கட்டும் என்று கட்டளையிட்டார். தானே போய்த் தன்னுடைய காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். தலைவரோடு காரில் போகிறவருக்கு வாய் திறக்க இடம் கிடைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் அனுபவம்.

விழா ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் நடந்தது. மெல்பேர்ணில் பொன்னாடை விற்கிற கடை இல்லாதபடியால், தலைவர் தன்னுடைய கலியாணத்துக்குப் போட்ட சரிகைச் சால்வையைக் கொண்டுவந்திருந்தார். விழா முடிந்ததும் அதை மறக்காமல் வாங்கித் தரவேண்டும் என்று அவருடைய மனைவி என்னிடம் தனியாகச் சொல்லிவைத்தார்.

பெடியனைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது உண்மை. மெலிந்த ஆள். தடித்த கண்ணாடி. கம்பளிச் சட்டைக்குள் தோள் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் சால்வையைப் போடவேண்டியிருந்தது.

"ஆள் சின்னனாக் கிடக்கு," என்றேன் தலைவரின் காதுக்குள்.

"காலைப் பாரும், ஐசே. எல்லாம் நரம்பு."

நான் பேசினேன். யானை, தேர் எல்லாம் வந்துபோயின. கடைசியில் ஏற்புரைக்கு அவனை அழைத்தார்கள். எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இந்த விளையாட்டுத் தெரியாது. நான் விளையாடுறேல்லை. அந்தக் கோல் ஒண்டும் நான் அடிச்சதில்லை. நன்றி."

அன்றைய விழாவில் ஆகக் கூடிய கைதட்டல் அதற்குத்தான் விழுந்தது.

எங்கள் கூட்டங்களைத் தெரியாதவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். பாராட்டப்படுகிறவர் எழுந்து, பாராட்டு முழுவதையும் மறுக்கவேண்டும். மறுக்க மறுக்க மதிப்பு ஏறும். அதற்கு முந்திய வருடம் ஒரு வைத்தியருக்கு விழா எடுத்தோம். தனக்கு மருத்துவத்தில் ஒன்றுமே தெரியாது என்று ஏற்புரையில் அடித்துச் சொன்னார். அடுத்த கிழமையே நான் முதுகுவலிக்கு அவரிடம்தான் போனேன். ஆகவே பெடியன் சொன்னதைக் கேட்டு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினோம். வளர்த்த வளர்ப்பு என்றார் தலைவர்.

காரில் திரும்பி வரும்போது என் மனைவி மட்டும் கேட்டாள்.

"அந்தப் பிள்ளை விளையாடுறேல்லை எண்டெல்லோ சொன்னது?"

"அது ஏற்புரை."

"எனக்கெண்டால் உண்மை சொன்ன மாதிரிக் கிடந்துது."

"உமக்குக் கூட்டங்களிலை பழக்கமில்லை," என்றேன்.

அரையிறுதிப் போட்டிக்குச் சங்கமே திரண்டு போகவேண்டும் என்று தலைவர் முடிவெடுத்தார். குளிர் நாள். மைதானத்தின் ஓரத்தில் போட்டிருந்த நீள இருக்கைகளில், வாங்கு வாங்காக எங்கள் ஆட்கள் கம்பளி போர்த்திக்கொண்டு, கட்லட்டும் தேத்தண்ணியுமாக உட்கார்ந்திருந்தார்கள். மற்றப் பார்வையாளர்கள் எங்களைக் கொஞ்சம் கவனித்தார்கள். ஒலிபெருக்கியில் அணிகளை அறிவித்தார்கள். எங்கள் பெடியனுடைய பெயர் வந்தது, கை கால் முறிந்த நிலையில். இருந்தாலும் அடையாளம் தெரிந்தது. எழுந்து நின்று கைதட்டினோம். மைதானத்தின் நடுவில் ஒருவர் கையை உயர்த்தினார்.

செம்பட்டைத் தலை. கழுத்து இல்லை. முழங்கை வரைக்கும் பச்சைகுத்து.

கைதட்டல் வாங்கு வாங்காக அடங்கியது.

"அது ஆர்?" என்றார் தலைவர்.

"எங்கட பெடியன்," என்றேன்.

தலைவர் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "குளிருக்கு வெளிறிப்போனானோ?" என்றார். அவர் பகிடியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மனிதர் கோல் அடித்தார். நன்றாகவே அடித்தார். எங்கள் ஆட்களில் சிலர் பழக்கதோஷத்தில் தட்டவும் செய்தார்கள். பக்கத்து வாங்கில் எதிரணிக் கல்லூரியின் உதைபந்தாட்டச் சங்கச் செயலாளர் இருந்தார், வயதானவர், மரியாதையான மனிதர். தலைவரின் மனைவி அவருக்கும் ஒரு கட்லட் கொடுத்திருந்தார். யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். தலைவருக்குப் பொய் வராது. அதிலும் ஆங்கிலத்தில் வரவே வராது. இந்தப் பெயருடைய பையனை எங்களுக்குத் தெரியும், போன மாதம் சால்வை போர்த்திக் கௌரவித்தோம், அவன் கண்ணாடி போட்ட மெலிந்த பையன், இந்த மனிதர் யாரென்று தெரியவில்லை என்று விளக்கமாகச் சொன்னார். செயலாளர் கட்லட்டைச் சாப்பிட்டு முடித்தார். விரலைத் துடைத்தார். நன்றி சொல்லிவிட்டு எழுந்து நடுவர்கள் இருந்த பக்கமாக நடந்தார்.

இப்படித்தான் அந்தக் கல்லூரியின் விளையாட்டு ஊழல் வெளியே வந்தது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அந்தந்தக் கல்லூரியில் படிப்பவர்கள் மட்டுமே ஆடலாம். எங்கள் கல்லூரி அணியோ கோல் அடிக்க ஆளில்லாமல், செங்கல் அடுக்குகிற தொழிலாளி ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவந்து, மைதானப் பக்கமே தலைவைக்காத ஒரு மாணவனுடைய பெயரில் இறக்கியிருந்தது. நகரப் பத்திரிகைகளிலும் வந்தது. கல்லூரியின் மானம் போய்விட்டது என்று நிர்வாகம் சொன்னது. தண்டனையைத் தீர்மானிக்க மூன்றுபேர் கொண்ட குழு அமைத்தார்கள். தலைமை பதிவாளருக்கு, அவர் முன்னாள் இராணுவ அதிகாரி. இரண்டாவது, இரசாயனப் பெண்மணி. மூன்றாவது நான்.

நான் பதிவாளரிடம் போய், எனக்கு இதில் தொடர்பு உண்டு என்று சொன்னேன்.

"நீ இந்த விளையாட்டை ஆடியிருக்கிறாயா?"

"இல்லை."

"உனக்கென்று ஒரு அணி உண்டா?"

"இல்லை."

"அப்படியானால் இந்த நகரத்திலேயே நடுநிலையான ஆள் நீதான்," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விசாரணைக்கு முதல்நாள் பெடியன் என்னுடைய அறைக்கு வந்தான். இருக்கச் சொன்னேன். கதிரையின் நுனியில் இருந்தான்.

"நீர் ஏன் முதலே சொல்லேல்லை?" என்றேன்.

"சொன்னனான் தானே, சேர்."

மெதுவாக மற்றதைக் கேட்டேன். வருடத் தொடக்கத்தில் சிற்றுண்டிச்சாலையில் அணித்தலைவன் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான். உதைபந்தாட்டச் சங்கத்தில் ஆள் தொகை காணாது, பெயர் மட்டும் கொடு, வரத்தேவையில்லை என்றிருக்கிறான். இவன் கொடுத்துவிட்டான். பிறகு பத்திரிகையில் தன் பெயரைக் கண்டு அணித்தலைவனைத் தேடிப்போய்க் கேட்டபோது, இன்னும் கொஞ்சக் கிழமைதான், பெரிதுபடுத்தாதே என்று தோளில் தட்டினானாம்.

"நீர் ஏன் அவங்களுக்குப் பேர் குடுத்தனீர்?"

கொஞ்சநேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"வந்து ஒரு வருசத்திலை ஒருத்தரும் பக்கத்திலை வந்து இருந்ததில்லை, சேர். பேர் குடுத்த பிறகு கண்டால் ஹலோ சொல்லுவினம்."

அதைச் சொன்ன விதத்தில் முறைப்பாடு ஒன்றும் இல்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டான்: "வெளியிலை போட்டால் விசாவும் போயிடும், என்ன சேர்?"

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

முதல் அமர்விலேயே பதிவாளர் தன்னுடைய யோசனையை வைத்தார். உதைபந்தாட்டச் சங்கத்தை இரண்டு வருடம் மூடுவது. பெயரை இரவல் கொடுத்த மாணவனைக் கல்லூரியிலிருந்து நீக்குவது. சுருக்கமாக, இராணுவத்தில் கட்டளை வாசிக்கிற மாதிரிச் சொன்னார்.

"அணித்தலைவன்?" என்றார் இரசாயனப் பெண்மணி.

அணித்தலைவன் கடைசி வருடம். பரீட்சை முடிந்தால் போய்விடுவான், வேலையும் எடுத்துவைத்திருந்தான். அணியைத் தெரிவுசெய்த மற்றவர்களும் அப்படியே. பயிற்சியாளர் சம்பளமில்லாமல் வந்த வீட்டுத் தரகர். ராஜினாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வராமல் விட்டிருந்தார். செங்கல் அடுக்குகிறவர் கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத ஆள். அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம், வந்தார். ஆடிமுடிந்தால் பியர் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான் என்றார். அந்தப் பெயரை எப்படிச் சரியாகச் சொல்வது என்று என்னிடம் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, நல்ல பெயர், பழகிப்போய்விட்டது என்றார்.

ஆக, செய்தவர்கள் எல்லோரும் கைக்கு எட்டாத தூரத்தில். எட்டக்கூடிய தூரத்தில் இரண்டு வகையினர் இருந்தார்கள். ஒன்று, அடுத்த வருடம் வந்து அணியில் சேரலாம் என்று இன்னும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள். மற்றது, இன்னும் இரண்டு வருடப் படிப்பு மிச்சமிருந்த ஒரு வெளிநாட்டு மாணவன். பதிவாளரின் தண்டனை முழுவதும் இவர்கள் தலையில் இறங்கியது. அவர் கொடுமைக்காரர் அல்ல. ஒரு நிறுவனம் வெட்கப்படும்போது யாரையாவது தண்டித்தாக வேண்டும். தேடிப்போய்ப் பிடிப்பதற்கு நேரமில்லை, ஆகவே பக்கத்தில் நிற்கிறவனைப் பிடிக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் சத்தம் போட்டவன் பின்வாங்கில் இருப்பான், பிரம்பு முன்வாங்கில் விழும்.

இரசாயனப் பெண்மணி இதை என்னைவிட நன்றாகச் சொன்னார். "சங்கம் என்றால் யார்? ஒரு கதவு, ஒரு பூட்டு, தோய்க்காத சட்டைகள் ஒரு கூடை. அதை மூடினால் கதவுக்குத்தான் தண்டனை." வென்ற ஆட்டங்கள் அத்தனையையும் தோல்வியாக மாற்றுவோம், அடுத்த வருடம் கடைசிப் பிரிவில் ஆடட்டும், யார் ஆடுகிறார் என்பதை ஆட்டத்துக்கு முன் எதிரணியே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அணித்தலைவனையும் தெரிவுசெய்தவர்களையும் பட்டமளிப்பு மேடைக்கு விடக்கூடாது, மற்றக் கல்லூரி அணிகளின் முன்னால் நின்று செய்ததைச் சொல்லும்வரை பட்டப் பத்திரத்தைக் கையில் கொடுக்கக்கூடாது என்றார். பதிவாளருக்கு அது பிடித்திருந்தது. அதில் அணிவகுப்பு மாதிரி ஏதோ இருந்தது.

"சரி. ஆனால் அந்த மாணவன் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தான்," என்றார். "அதுதான் என்னுடைய பிரச்சினை."

இந்த இடத்தில்தான் நான் நேர்மையாக இருப்பது என்று தீர்மானித்தேன். என்னுடைய தொடர்பை மறைக்கக்கூடாது என்று நினைத்து, பாராட்டு விழா நடந்ததையும், நான் பேசியதையும், சால்வை போர்த்தியதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது நன்றாகச் செய்துவிட்டேன் என்றுதான் இருந்தது. பதிவாளர் பேனாவை மேசையில் வைத்தார்.

"அதாவது, தான் ஆடாத ஆட்டத்துக்கு அவன் பரிசும் வாங்கியிருக்கிறான்."

பெடியனுக்கு எதிராக இருந்த ஆகப் பெரிய சாட்சியத்தை நானே கொண்டுபோய் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

"பரிசு என்றில்லை," என்றேன். "அது ஒரு துணி."

"அதை வைத்து என்ன செய்வது?"

"ஒன்றும் செய்வதில்லை. வாசலிலேயே திருப்பி வாங்கிவிட்டோம்."

பதிவாளர் இரசாயனப் பெண்மணியைப் பார்த்தார். அவர் யன்னலைப் பார்த்தார்.

பிறகு ஏற்புரையைச் சொன்னேன். மேடையில் எழுந்து நின்று, நான் இந்த விளையாட்டை ஆடுவதில்லை, அந்தக் கோல்களை நான் அடிக்கவில்லை என்று அவன் சொன்னதைச் சொன்னேன்.

"எத்தனை பேருக்கு முன்னால்?"

"மண்டபம் நிறைய."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"கைதட்டினோம்."

பிறகு பதிவாளர், "இராணுவத்தில் ஒருவன் எனக்கு நீந்தத் தெரியாது என்று சொன்னால், நாங்கள் அதை நம்புவோம்," என்றார். சொல்வது நான் ஒருவன்தான் என்றபடியால், இன்னொரு சாட்சி வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த அமர்வுக்குத் தலைவரைக் கூட்டிவரச் சொன்னார்.

தலைவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு முழுக்கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐசே, இதை வெள்ளைக்காரனுக்கு முன்னாலை போய்ச் சொல்லவேணுமோ? பெடியன் உள்ளதைச் சொன்னவன், நாங்கள் ஒருத்தரும் விளங்கேல்லை எண்டு?"

"ஓம்."

"எங்கள் எல்லாரையும் மோடர் எண்டெல்லோ நினைப்பாங்கள்."

"நினைச்சாத்தான் பெடியன் தப்புவான்."

"வேறை வழியில்லையோ? பெடியன் ஆங்கிலத்திலை சொன்னவன், எங்களுக்கு ஆங்கிலம் சரியா விளங்கேல்லை எண்டு சொன்னால்?"

"நீங்கள் ரயில்வேயிலை பொறியியலாளர்."

"அதுவும் சரிதான்," என்றார் சோகமாக.

இங்கே வந்து சேர்ந்த காலத்திலிருந்து எங்களுக்கெல்லாம் ஒரே ஒரு வேலைதான்: நாங்கள் மோடர் இல்லை, முட்டாள்கள் இல்லை என்று காட்டுவது. பஸ் நடத்துநருக்கு, வங்கி முகாமையாளருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, மேலதிகாரிக்கு. தலைவர் அதை மற்றவர்களைவிடக் கூடுதலாகச் செய்தவர். அவரிடம் போய், மூன்றுபேர் முன்னால் நின்று மறுபக்கத்தை நிரூபியுங்கள் என்று கேட்கவேண்டி வந்தது. வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் வராவிட்டால் தான் வந்து சொல்வதாக அவள் சொன்னாள். தனக்கு அன்றைக்கே விளங்கியது என்று சொல்லப்போகிறாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

தலைவர் வந்தார். அவருடைய கலியாண அல்பத்தில் பார்த்த அதே மூன்றுதுண்டு சூட்டில் வந்தார். பதிவாளர் கேட்கமுன்னரே எழுந்து நின்று சாட்சி சொன்னார்.

"அந்தப் பையன் தான் ஆடவில்லை என்று எங்களுக்குத் தெளிவாகச் சொன்னான், ஐயா. எங்கள் மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி."

"நீங்கள் அதை நம்பினீர்களா?"

தலைவருடைய தாடை ஒருமுறை அசைந்தது.

"இல்லை."

"ஏன்?"

"நான் நிறைய ஏற்புரைகள் கேட்டிருக்கிறேன். நானும் செய்திருக்கிறேன். அவற்றை யாரும் நம்புவதில்லை. நம்பினால் பேசியவருக்குக் கோபம் வரும்."

"அவன் ஆள் எப்படி இருக்கிறான் என்று பார்த்தும் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லையா?"

"காலில் பலம் இருக்கலாம் என்று நினைத்தேன்," என்றார் தலைவர். முகம் முழுவதும் வியர்த்திருந்தது. "சங்கத்தின் தலைவர் என்ற முறையில், பையனைவிட இதில் எங்களுக்குத்தான் பொறுப்பு அதிகம்."

பதிவாளர் அவருக்கு நன்றி சொல்லி, எழுந்து கைகொடுத்து அனுப்பினார். எங்களில் ஒருவருக்கு அவர் எழுந்து நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தலைவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. வெளியே போய், சுவரோடு இருந்த வாங்கில் உட்கார்ந்து கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

முடிவு இரசாயனப் பெண்மணி சொன்னபடியே வந்தது. ஆட்டங்கள் பறிபோயின. சங்கம் மூடப்படவில்லை, கடைசிப் பிரிவுக்குப் போனது. அணித்தலைவனும் தெரிவுசெய்தவர்களும் மற்றக் கல்லூரிகளின் முன்னால் போய் நின்றார்கள். அணித்தலைவன் முதலில் மறுத்து, பத்திரம் வராது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு போனான் என்று கேள்வி. பெடியனுக்கு, கேட்டவர்களிடம் யோசிக்காமல் பெயர் கொடுத்ததற்காக ஒரு கண்டிப்பு. பதிவாளர் அதை வாயால் சொல்லி, அத்தோடு விட்டார். அடுத்த வருடம் அந்த அணி எல்லா ஆட்டங்களிலும் தோற்றது என்று இரசாயனப் பெண்மணி வாராவாரம் வந்து திருப்தியோடு சொல்வார். ஆனால் ஆடினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள், தங்கள் தங்கள் பெயரில், சேற்றில் விழுந்து எழும்பினார்கள்.

நியாயமான தண்டனை என்றால் என்ன என்று நான் அதற்கு முன் வாசித்துத்தான் அறிந்திருந்தேன். தடித்த புத்தகங்கள், பெரிய பெரிய மனிதர்கள் எழுதியவை. அந்த மேசையில் இருந்தபோது அவை ஒன்றும் கைகொடுக்கவில்லை. செய்தவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்து, அங்கே வரைக்கும் எழுந்து நடப்பதற்குச் சோம்பாமல், பஞ்சிப்படாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன். மிச்சப் பாதியை ஒரு மனிதர் மூன்றுதுண்டு சூட் போட்டுக்கொண்டு வந்து வியர்த்து முடித்தார். இதைச் சங்கத்தில் ஒருமுறை பேச எழுந்தேன். தலைவர் கண்ணால் என்னை உட்காரவைத்தார்.

முடிவு வந்த அடுத்த வாரம் பெடியன் என்னுடைய அறைக்கு வந்தான். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"விசா அலுவல் எல்லாம் சரியாம், சேர்."

"நல்லது. இனிப் படிப்பைப் பாரும்."

"ஓம் சேர்." போகவில்லை. புத்தகங்களைக் கைமாற்றிப் பிடித்தான். நன்றி சொல்ல வெட்கப்படுகிறான் என்று நினைத்து, உற்சாகப்படுத்துகிற மாதிரிச் சிரித்தேன்.

"சேர், ஒரு உதவி கேக்கலாமோ?"

"கேளும், கேளும்."

"இனிமேல் என்னைப் பற்றி ஒரு இடத்திலையும் கதையாதேங்கோ, சேர். நல்லதாக்கூட."